ஏழு கட்டிலுக்கு ஒரு அக்கா

"பெயின்டர் சாருக்கு லெட்டர்!" என்று வாட்ச்மேன் குரல் கொடுத்தபோதுதான், தானே எழுதித் தானே வாசல் தபால்பெட்டியில் போட்ட கடிதத்துக்கு எப்படி ஆச்சரியப்படுவது என்று ஒத்திகை பார்க்காதது பெயின்டருக்கு உறைத்தது.

குடியை நிறுத்த வந்தவர்கள் தங்கும் அந்த விடுதியில் செல்போன் கிடையாது, கடிதம்தான். மற்ற ஆறு கட்டிலுக்கும் யாராவது எழுதினார்கள். ஏழாவது கட்டில்காரருக்கு எழுத ஆளில்லை. முப்பது வருடமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். மாலை ஆறு மணிக்குத் தூரிகையைக் கழுவி வைத்தால் அடுத்தது பாட்டில்தான். இங்கும் ஆறு மணி தவறாமல் வந்தது. வந்ததும் பையைக் கட்டுவார். இரண்டு முறை கேட் வரை போய்விட்டார். மூன்றாவது முறை திரும்புவார் என்று அவருக்கே நம்பிக்கையில்லை.

திறமையில் மட்டும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. வந்த மறுநாளே, 'செருப்பை வெளியே விடவும்' என்று வாசலுக்குப் பலகை எழுதி, வழக்கம்போல மூலையில் தன் அடையாளமான குட்டித் தூரிகையை வரைந்தவராயிற்றே! இல்லாத அக்காவை உண்டாக்கி, அவளுக்கொரு சாய்ந்த கையெழுத்தும் கொடுத்து, தபால்தலையையும் முத்திரையையும்கூடக் கையாலேயே வரைந்துவிட்டார். அசல் தபால்தலை பார்த்தால் கூசிப்போகும்.

"யாருண்ணே?" என்றார் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர்.

"எங்க அக்கா. என்மேல உசுரு."

டிரைவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டாம்ப் அம்சமா இருக்கே!" என்று கணக்கு வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உறையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் டிரைவர் தொடங்கினார். "எனக்கும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கண்ணே. என் தங்கச்சி லெட்டர்ல பாதி திட்டுதான்."

அதற்கடுத்த நாள் வாத்தியார். "நானும் ஒருத்தன் இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லுப்பா."

ஒரே வாரத்தில் அக்கா ஏழு கட்டிலுக்கும் சொந்தமானாள். பெயின்டர் தினமும் ஆறு மணிக்குத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் ஒளிந்து, எட்டு வரை எழுதித் தள்ளினார்.

தாங்க முடியாமல், அக்காவுக்குக் கைவலி என்று ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். ஆளாளுக்கு நலம் விசாரித்து எழுதி, அனுப்பச் சொல்லி அவரிடமே கொடுத்தார்கள்; டிரைவர் மட்டும் நாலு பக்கம். அத்தனைக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

தொலையட்டும் என்று அக்காவை வெளிநாட்டுக்கு அனுப்பினார். "போற ஊர்லேர்ந்தெல்லாம் எழுதச் சொல்லுங்க!" என்று ஆறு பேரும் குதித்தார்கள். இப்போது வெளிநாட்டுத் தபால்தலைகளையும் வரைய வேண்டும். கை ஒடிந்தது. கட்டிலுக்கடியில் பையில் சிலந்தி குடித்தனம் நடத்தியது.

தொண்ணூறாவது நாள், சிகிச்சை முடிந்து கேட்டில் கையெழுத்துப் போடும்போது மனசாட்சி குத்தியது. வாட்ச்மேனை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, அவங்ககிட்ட நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். எனக்கு அக்காவே கிடையாது. எல்லாம் நான் எழுதினதுதான்."

வாட்ச்மேன் பதிவேட்டை மூடினார்.

"மொத லெட்டர் ஸ்டாம்ப் மூலையிலயே உங்க குட்டி பிரஷ் இருந்துச்சே சார்! ஆறு மணிக்கு உங்க கை சும்மா இருக்கக் கூடாதுன்னு, யாரு எப்ப லெட்டர் கேக்கணும்னு அன்னிக்கே வாத்தியார் முறை போட்டுக் குடுத்துட்டாரு."