மாமியின் ஊருக்குப் பூசிய நீலம்

நான் இன்று உயிரோடு இருப்பதற்கு, கம்பஸில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யாததுதான் காரணம். (என் மாணவர்கள் இதை வாசிக்காமல் இருந்தால் நல்லது.)

சண்டைக் காலம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயுள்ள பெரிய வாவியின் இரண்டு கரையிலும் எந்த ஊர் எந்த இயற்கை வளத்தை நம்பிப் பிழைக்கிறது என்று வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். வயலுக்குப் பச்சை, மீனுக்கு நீலம், விறகுக்குச் சிவப்பு. ஊர் ஊராகப் போய் விசாரித்திருக்க வேண்டும். நான் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, பழைய புத்தகமொன்றைப் பார்த்து நிறம் பூசினேன். அப்பாவின் தங்கையான மாமியின் ஊர் வாவிக்கரையில் இருந்ததால் யோசிக்காமல் நீலம். பூசி முடித்ததும் பெரிய விண்ணன் என்ற நினைப்பு வேறு.

படத்தைச் சுருட்டிக்கொண்டு மாமியோடு டவுனுக்கு பஸ்ஸில் போனேன். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சார்ஜன்ட் படத்தை விரித்து, அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"விறகு, சேர்."

"விறகுக்கு யார் மேப் கீறுறது? இது எங்கட கேம்ப்தானே?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நானோ, பிரதேசப் பொருளாதாரம் இயற்கை வளத்தில் தங்கியிருப்பது பற்றி விரிவுரை நடத்தினேன். சார்ஜன்ட் என் அடையாள அட்டையை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார். அப்படி அட்டை போன பொடியன்கள் சிலர் வீடு திரும்பவேயில்லை.

பஸ்ஸில் ஏறாமல் நின்ற மாமி கிட்ட வந்து படத்தைக் குனிந்து பார்த்தா.

"எங்கட ஊர் எங்க மனே?"

காட்டினேன்.

"இதென்ன நீலம்?"

"மீன், மாமி. உங்கட ஊர் மீனை நம்பித்தானே..."

மாமி சார்ஜன்டின் பக்கம் திரும்பினா. "சேர், இவன் என்ட மருமகன். சரியான மடையன். வாவில தோணி விடக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க? எட்டு மாசமா எங்கட ஊர்ல மீன் இல்ல. என்ட மகள் குவைத்தில சட்டி கழுவி அனுப்புறதிலதான் சோறு தின்னுறம். உளவு பாக்கிறவன் இப்படிப் பிழையாவா கீறுவான்?"

சார்ஜன்ட் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டினார். தோணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த எட்டு மாசமும் ஞாயிறு தவறாமல் மாமி வீட்டில் சாப்பிட்டவன் நான். குவைத்திலிருந்து மச்சாள் அனுப்பிய காசில் ஆக்கிய சோறும் சொதியும் சம்பலும்தான். வாவிக்கரை வீட்டில் மீன் ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. படத்தைத் திரும்பக் கீறியபோது அந்த ஊருக்குப் பூச என்னிடம் நிறம் இருக்கவில்லை, வெறுமையாகவே விட்டேன்.

இன்றைக்கும் மாமி வீட்டில் மீன் குழம்பு வைத்தால், என் சோற்றுக் கோப்பையில் போடும்போது எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவா: "மனே, இப்ப நீலம் பூசு."

வீடே சிரிக்கும். குவைத்தால் வந்த மச்சாள் மட்டும் சிரிப்பதில்லை. எனக்கு இன்னொரு துண்டு மீன் வைப்பா.