பாடகர் குழுவில் ஒரு பூட்டுக்காரர்

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று மாஸ்டர் கையைத் தூக்கினார்.

ஆர்கன் நின்றது. தேவாலயப் பாடகர் குழுவின் இருபது பேரும் நின்றார்கள். அன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்த பூட்டுக்காரர் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நின்றார்.

"அண்ணே, இந்த மெட்டை எங்க பிடிச்சீங்க?"

"நான் எங்கங்க பிடிக்கிறது? என் சம்சாரம் பாடினது. இருபத்திரண்டு வருஷம் இதே குழுவுல நின்னவளாச்சே. வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு வந்தான்னா, வாரம் பூரா அடுப்படியில இதே பாட்டுதான்."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இறந்துபோனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் குறைவாகப் பேசமாட்டார், அவ்வளவு நாகரிகம் தெரிந்தவர். பூட்டுக்காரரோ, தான் பாடியதுதான் சரி, மற்ற இருபது பேருக்கும்தான் எங்கோ இடறுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. முகம் மறக்கவில்லை, அது சுவரில் இருக்கிறது. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. சாவியை அராவிக்கொண்டே கேட்டுக் கேட்டு மெட்டு மனப்பாடம். ஆனால் அதைப் பாடிய குரலை நினைவில் கொண்டுவரப் பார்த்தால் வரமாட்டேன் என்கிறது. போனைத் துழாவினால் ஒரே ஒரு வீடியோ. அதிலும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஐயோ, எடுக்காதீங்க, போதும்" என்கிறாள். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள்தான் காலம் தள்ளுவார்?

குழுவின் அறையில் ஒரு அலமாரி உண்டு. வருடத்துக்கு ஒன்றாகக் குழு பாடியதையெல்லாம் கேசட்டில் பதிந்து அதில் அடுக்கியிருந்தார்கள். குழுவில் சேர்ந்து, ஒரு ஞாயிறு ஆராதனையிலாவது நின்றவருக்குத்தான் அது திறக்கும். முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் ஒரு கேசட்டை இரவல் வாங்கிப்போய், அதன்மேல் தன் குழந்தையின் மழலையைப் பதிவு செய்து திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வந்த சட்டம் அது.

அந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டதே நம்மவர்தான். ஒரு வளைந்த கம்பி கிடைத்தால் அரை நிமிட வேலை. ஆனால் தேவாலயத்து அலமாரியைத் திருட்டுத்தனமாகத் திறந்தால், மேலே இருப்பவள் சும்மா விடுவாளா? அதனால் பாடவே வந்துவிட்டார்.

"நீங்க கேஷியர் பக்கத்துல நில்லுங்க. அவர் எப்படிப் பாடுறாரோ அப்படியே போங்க" என்றார் மாஸ்டர்.

கேஷியர் பதினைந்து வருடமாக ஆண்கள் வரிசையின் தூண். பூட்டுக்காரர் அவர் காதருகே நின்று மனப்பூர்வமாகப் பாடினார். இரண்டாவது வாரமே கேஷியர் மெட்டு மாறிவிட்டது.

"என்ன சார், நீங்களுமா?" என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"நான் என்ன சார் பண்றது? அவர் அவ்வளவு தைரியமா பாடுறாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அடுத்த வாரம் பூட்டுக்காரரைத் தனியே பிரித்து, சுவர் ஓரமாக நிறுத்தினார்கள். அந்த மூலையில் நின்று தும்மினாலே வாசல்வரை கேட்கும் என்பது யாருக்கும் நினைவில்லை. அன்று அவர் ஒருவர் பாடியது நான்கு பேர் பாடியதாகக் கேட்டது. ஆர்கன் வாசித்த அம்மாள் இரண்டு முறை பக்கத்தைத் தவறாகப் புரட்டினார்.

சனிக்கிழமை மாஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். பூட்டு எதுவும் கையில் இல்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க உதட்டை மட்டும் அசைச்சாப் போதும்."

"சத்தமே வேணாமா?"

"வேணாம்ணே. வெளிய தெரியாது."

பூட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. ஐம்பத்தெட்டு வயதில் ஒருவரிடம் போய் வாயைத் திறக்காதே என்றால் எப்படி இருக்கும்?

"அப்படி நின்னாலும் அலமாரி திறக்கும்தானே?"

"நானே திறந்து தரேன்" என்றார் மாஸ்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை, தோளில் தொங்கும் வெள்ளை அங்கியோடு பூட்டுக்காரர் கடைசி ஆளாக நின்றார். முதல் பாட்டில் உதட்டை அசைத்தார். இரண்டாவதிலும் அசைத்தார். மூன்றாவதாக ஆர்கன் தொடங்கியதோ, காலை எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அவள் பாடும் பாட்டு. பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சரணம் தாக்குப்பிடித்தார். இரண்டாவது சரணத்தில் குரல் தானாக வெளியே வந்துவிட்டது. வந்ததும் சும்மா வரவில்லை, முழு பலத்தோடு வந்தது.

கேஷியர் அவர் மெட்டுக்குச் சாய்ந்தார். அவரை நம்பியிருந்த ஆண்கள் வரிசை மொத்தமும் சாய்ந்தது. பெண்கள் வரிசை யார் பக்கம் போவதென்று தெரியாமல் வாயடைத்து நின்றது. ஆர்கன் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. கடைசி வரியைப் பூட்டுக்காரர் தன்னந்தனியாக, கன்னமெல்லாம் நனைய, அவள் பாடியபடியே பாடி முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் அறைக்குப் போய் அவரே அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"மன்னிச்சுடுங்க மாஸ்டர். நான் கிளம்புறேன்."

மாஸ்டர் அலமாரியைத் திறந்து, கேசட்டுகளையும் டேப் ரெக்கார்டரையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

பூட்டுக்காரர் முதல் கேசட்டைப் போட்டு, டேப் ரெக்கார்டரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பெண்கள் குரல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. அவள் இல்லை. இரண்டாவதைப் போட்டார், ஐந்தாவதைப் போட்டார், ஏழாவதைப் போட்டார். இல்லவே இல்லை.

அங்கியை மாட்டிவைக்க நர்ஸம்மா உள்ளே வந்தார். பெண்கள் வரிசையில் அவள் பக்கத்து இடம் அவருடையது.

"என்னண்ணே, இப்படி உக்காந்திருக்கீங்க?"

"ஏழு கேசட் கேட்டுட்டேம்மா. இதுல அவ இல்லாம எப்படி இருப்பா? எனக்குத்தான் தெரியல. கூடவே வாழ்ந்தவ குரலை எட்டே மாசத்துல மறந்துட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நர்ஸம்மா டேப் ரெக்கார்டரை மெல்ல நிறுத்தினார்.

"அழாதீங்கண்ணே, மாஸ்டர் கேட்டுக்கிட்டாருன்னு அக்கா இருபத்திரண்டு வருஷமும் என் பக்கத்துல நின்னு உதட்டை மட்டும்தான் அசைச்சாங்க, அவங்க பாட்டை நாங்க கேட்டதே இன்னைக்குத்தான்."