கிரீட்டில் வாங்கிய தகரப் பாப்பா

1996 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. என் பயணக் குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில் பச்சை மையில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இன்று ஹனியாவில் அசலான உள்ளூர்ப் பொருள்கள் மூன்று கிடைத்தன. சுற்றுலாப் பயணிகள் யாரும் இவற்றை இதுவரை கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது.’

அவர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, மான்ட்ரியலை ஒட்டிய இல்-பிசாரில் ஒரு சோபாவின் நுனியில் அப்படி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஹனியா, மத்தியதரைக் கடலில் கிரீட் தீவின் பழைய துறைமுக நகரம். நானும் மனைவி வசந்தியும் பத்து நாள் விடுமுறைக்குப் போயிருந்தோம். போவதற்கு முன் அந்தத் தீவைப் பற்றி ஒன்பது புத்தகங்கள் படித்து முடித்தேன். (வசந்தி படித்தது ஹோட்டல் விளம்பரத் தாள் ஒன்றுதான். ஊரில் வழி தவறாமல் போனது அவள்தான்.)

திரும்பி வந்ததும் ஒரு முக்கியமான வேலை இருந்தது. வசந்தியின் தங்கை சுதா, மான்ட்ரியலில் மேற்படிப்புக்காக, அந்த ஊரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களோடு தங்கியிருந்தாள். டோர்வல் பக்கம் எஞ்சினியராக இருந்த ரவியும் அவளும் ஒரு வருடமாகப் பழகி வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும். இரண்டு வீடும் தெரியாததுபோல் இருந்தோம். ரவியின் அப்பா டாக்டர், சாது. அம்மா மரகதம் சரி என்றால்தான் கல்யாணம். முறைப்படி முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது.

ஆலிவ் எண்ணெய் சோப்பு ஆறு வாங்கலாம் என்றாள் வசந்தி. சம்பந்தி வீட்டுக்குச் சோப்பு கொடுத்தால் குளிக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நான் மறுத்தேன். அசலான பொருளுக்கு நான் மூன்று விதிகள் வைத்திருந்தேன். தீவிலேயே செய்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் விற்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களே வாங்க வேண்டும்.

வெயிலில் தலைவலி வந்து வசந்தி அறையில் படுத்திருந்த அந்தப் புதன்கிழமை, ஒரு தேவாலய வாசலில் உள்ளூர்ப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு எதையோ வாங்குவதைப் பார்த்தேன். வெள்ளிபோல் மினுங்கும் மெல்லிய தகடுகள். ஒன்றில் இரண்டு கண்கள். ஒன்றில் ஒரு கால். ஒன்றில் துணி சுற்றிய குழந்தை. மூன்றாம் விதிக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நானும் முண்டியடித்தேன்.

கடைக்கார அம்மாளுக்குக் கிரேக்கம் தவிர வேறு மொழி தெரியாது. கால் தகட்டைக் காட்டி என்ன என்று சைகையில் கேட்டேன். தன் முழங்காலைப் பிடித்து முகத்தைச் சுளித்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தபடி இரண்டு எட்டு நடந்து காட்டினார். நான் குறிப்பேட்டில் எழுதியது: ‘கால் – நாட்டுப்புற நடனம்.’ கண், திருஷ்டிக்கு. குழந்தை, வம்ச விருத்திக்கு. எல்லாம் நானாக எழுதிக்கொண்டதுதான்.

ஊர் திரும்பியதும் வசந்திக்கும் தெரியாமல் மூன்றையும் தனித்தனியாகக் கறுப்பு வெல்வெட்டில் பதித்துச் சட்டம் போடக் கொடுத்தேன். சட்டம் போடும் கிழவர், சர்ச்சுக்கா என்று பிரெஞ்சில் விசாரித்தார். இல்லை, சம்பந்தி வீட்டுக்கு என்று பெருமையோடு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். (எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், குன்றின் மேலிருக்கும் பெரிய தேவாலயத்தில், குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் வரிசையாகத் தொங்கும். விருந்தாளிகளுக்கு அதை நான்கு முறை நான்தான் சுற்றிக் காட்டியிருக்கிறேன். அப்போதும் உறைக்கவில்லை.)

இல்-பிசாரில் ரவியின் வீட்டில் காப்பி, கேசரி எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு நான் பொட்டலங்களை எடுத்தேன்.

முதலில் மரகதம் அம்மாளுக்குக் கண்கள். அவர் சட்டத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது யாரோட கண்ணு?”

“பொதுவான கண்தாம்மா” என்றேன்.

அடுத்தது டாக்டருக்குக் கால். அவர் முகம் வெளுத்தது.

“என் முழங்கால் விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?”

“என்ன முழங்கால் விஷயம்?” என்றார் மரகதம் அம்மாள்.

ஏணியில் ஏறக் கூடாது என்று மனைவி தடுத்தும், அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கூரைத் தூம்பைச் சுத்தம் செய்ய ஏறி டாக்டர் விழுந்திருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அந்தச் சலசலப்பில் மூன்றாவது பொட்டலத்தைச் சுதா கையில் கொடுத்துவிட்டேன். அவள் பிரித்தாள். குழந்தை.

வசந்தி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். ரவி கேசரிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மரகதம் அம்மாளின் பார்வை சுதாவின் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி, வயிற்றில் வந்து நின்றது.

“குழந்தைக்கு எப்ப வேண்டிக்கிட்டீங்க?” என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, “எதுக்கு இப்பவே?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊர்க் கோயில் வாசல்களில் தட்டுத் தட்டாக விற்கும் அதே உருவங்கள். கண் நோய்க்குக் கண், கால் வலிக்குக் கால், பிள்ளை வரத்துக்குப் பிள்ளை. வேண்டிக்கொண்டு வாங்கி உண்டியலில் போடுவது. நான் வளர்ந்தது நாக்பூர் ரயில்வே குடியிருப்பில். கிரீட் பற்றி ஒன்பது புத்தகம் படித்தவன், நம் ஊர்க் கோயில் வாசலில் ஒன்பது நிமிடம் நின்றதில்லை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பேட்டை எடுத்துப் படித்தேன். ‘கால் – நாட்டுப்புற நடனம்’ என்ற இடத்துக்கு வந்தபோது சுதாவால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“ஆன்ட்டி, மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. நிஜமாவே டான்ஸுன்னு நெனச்சுத்தான் வாங்கியிருக்கார்.”

மரகதம் அம்மாள் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“யாருக்காக வேண்டிக்கிட்டு வாங்கினீங்க?”

“யாருக்காகவும் இல்லைம்மா. அழகா இருந்தது.”

“வேண்டிக்காம வாங்கிட்டா மட்டும் சும்மா விட்டுர முடியுமா? செவுத்துல மாட்டுற சாமானா இது?”

சுதாவிடமிருந்து குழந்தைச் சட்டத்தை வாங்கித் திருப்பினார், காப்பிக் கரண்டியால் ஆணியை நெம்பினார், தகட்டைத் தனியாக எடுத்தார். பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணி கொண்டுவந்து அதை முடிந்தார். முடிந்துகொண்டே சொன்னார்.

“இவங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறக்கட்டும். நானே ஊருக்கு எடுத்துட்டுப் போயி உண்டியல்ல போடுறேன்.”

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்கு மெல்லத்தான் உறைத்தது. பிறகு வசந்தி என் காலிலிருந்து தன் காலை எடுத்தாள். ரவி கிண்ணத்தைக் கீழே வைத்தான். டாக்டர்தான் முதலில் பேசினார், கால் தகட்டை மட்டும் தானே வைத்துக்கொள்ளலாமா என்று. மரகதம் அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “மொதல்ல ஏணிய வித்துட்டு வாங்க, பேசலாம்.”

கல்யாணம் 1997 ஜூனில் நடந்தது. மகள் 1998 அக்டோபரில் பிறந்தாள். அவளுக்கு வீட்டில் கிரீட் பாப்பா என்றே பெயர். தன் பிறப்புக்குத் தகடு வாங்கியது நான்தான் என்பதைப் பள்ளித் தோழிகளிடம் பிரெஞ்சில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். பரிசு வாங்கும் உரிமை என்னிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கப்பட்டது. நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் சுதா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: “இந்தத் தடவை எந்த உறுப்பு மாமா?”

வாக்குக் கொடுத்தபடியே, 1999 ஜனவரியில் மரகதம் அம்மாள் ஊருக்குப் போய்த் தகட்டை உண்டியலில் சேர்த்தார். போடுவதற்கு முன் வாசலில் உருவம் விற்கும் பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, இது எங்கள் பக்கத்து அச்சு மாதிரியே இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாளாம். செய்தி கிடைத்த அன்றே நாங்கள் தங்கிய ஹனியா ஹோட்டலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பிறகு இரண்டு நினைவூட்டல்கள். ஆகவே என் மூன்று விதிகளில் முதலாவது, அதாவது அந்தப் பாப்பா கிரீட் தீவில்தான் செய்யப்பட்டதா என்பது, இந்த வரியை எழுதும் வரை உறுதிசெய்யப்படவில்லை.