பெகோபெகோவும் பெராபெராவும்

ஜப்பானைப் பார்க்காமல் விடுவதில்லை என்று செங்கல்வராயன் சபதமே எடுத்துவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, ஜப்பானின் நாகோயா நகரப் பயிற்சிக்கு ஒரே ஒருவரை அனுப்பப்போகிறது. மற்றவர்கள் ஜப்பானிய மொழியில் வணக்கம், நன்றி சொல்லக் கற்றார்கள். அவனோ ஜப்பான்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் இரட்டைச் சொற்களைப் பிடித்துக்கொண்டான். மொழியின் உயிரே அதில்தான் என்பது அவன் கட்சி.

கள்ளிக்குப்பம் வீட்டில் விடிந்தால் பாராயணம்.

"நிகோநிகோ!"

"இன்னாங்க, நீ கோ, நீ கோன்னு காலைலயே தொரத்துறீங்க?" என்றாள் மனைவி கிருஷ்ணப்பிரியா.

"புன்சிரிப்புடி அது! பிகாபிகான்னா பளபள. தோகிதோகின்னா நெஞ்சு படபட."

"அதான் நம்மகிட்டயே கீதே. சலசல, கடகட..."

"அது வேற, இது வேற. உனக்குப் புரியாது."

புரியாது என்ற தைரியத்தில், அவள் கேஸ் புக் பண்ணச் சொன்னபோது "காமிகாமி" என்றான். நச்சரிப்பு என்று அர்த்தம்.

"இன்னாத்த காமிக்கணும்?"

"சேச்சே, மகாலட்சுமின்னு அர்த்தம்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இவன் ஜெயித்த களிப்பில் காலை நீட்டினான்.

ஞாயிறன்று மேலதிகாரி நகமுராவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவருக்கு ஓரளவு தமிழ் வரும். இலை போட்டாயிற்று. பசிக்கிறதா என்று ஜப்பானிய மொழியில் கேட்டு அசத்த நினைத்து, வயிற்றைத் தட்டி, "பெராபெரா?" என்றான்.

நகமுரா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"ஐயோ, பசிக்கு பெகோபெகோங்க!" சாம்பார் வாளியோடு ஓடிவந்தாள் கிருஷ்ணப்பிரியா. "பெராபெரான்னா சரளமாப் பேசறது. அவரு வயிறு பேசுதான்னா கேக்குறீங்க?"

நகமுரா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கே படிச்சீங்க?"

"இவரு கத்துறதக் கேட்டுத்தான் சார். அர்த்தம் போன்ல பாத்துக்குவேன். எல்லாத்துக்கும்." கடைசிச் சொல்லைக் கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவனுக்கு அசல் தோகிதோகி.

"வீட்டில் சார் எப்படி?"

"லீவு நாள்ல சோபாவுல உருண்டு கோரோகோரோ. வேலை சொன்னா எரிஞ்சு விழுந்து இராஇரா."

நகமுரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இலையைக் கூட மறந்துவிட்டார்.

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. நாகோயாவுக்குப் போவது பக்கத்துப் பிரிவு அமல்ராஜ். மற்ற ஊழியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஜப்பானிய வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் திருமதி கிருஷ்ணப்பிரியா.

முதல் வகுப்பில் அவள் வருகைப் பதிவு எடுத்தாள்.

"செங்கல்வராயன்?"

"உள்ளேன், டீச்சர்."