இரண்டு நிமிடப் பூட்டு

சிரிப்பு உண்டு, கட்டாயம் உண்டு. ஆனால் கடைசியில்தான். அதுவரை யாரும் பல்லைக் காட்டக் கூடாது, முதலில் சுற்றறிக்கை.

'கணினி உறங்கச் செல்லுமுன் அதன் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடம் கைபடாவிட்டால் பூட்டு விழ வேண்டும்.'

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையம். அதன் பொறுப்பாளர் பஞ்சநதம் இதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிறைவேற்றினார். திரை பூட்டிக்கொள்ள இரண்டு நிமிடம். அவர் ஒரு விவசாயியின் நிலச் சிட்டாவைப் படிக்க நான்கு நிமிடம். நிமிர்ந்தால் திரை இருட்டு. கடவுச்சொல் பதினெட்டு எழுத்து. ஒற்றை விரலால் அதை அடித்து முடித்துவிட்டு, சிட்டாவை மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பார்.

காலையிலிருந்து போட்டது ஒரே டோக்கன். டோக்கன் இருந்தால்தான் நெல் கொட்டகைக்குள் போகும். வெளியே இன்னும் அறுபது பேரின் நெல் வெட்டவெளியில் கிடந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"சார், மழை வருது. நனைஞ்சா ஈரப்பதம்னு நீங்களே தள்ளிடுவீங்க" என்றாள் வரிசையில் முதலில் நின்ற குந்தவை.

"மழைக்குச் சுற்றறிக்கை வரலைம்மா. பூட்டுக்குத்தான் வந்திருக்கு."

"நீங்க படிங்க. நான் மவுஸை ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

"அந்நியர் கை படக் கூடாது!"

"மெஷின் படலாமா?"

பஞ்சநதம் தாளைப் புரட்டினார். மெஷினுக்குத் தடை ஏதுமில்லை. ஆகவே, விதிகளுக்கு உட்பட்டு, ஒயர் இல்லாத மவுஸ், சன்னலோரம் ஓடிய நெல் தூற்றும் இயந்திரத்தின் மேல் சாக்கு விரித்து அமர்த்தப்பட்டது. அது உதறிய உதறலில் திரை இமை கொட்டவில்லை.

கவலை தீர்ந்தது. தயிர்சாதமும் இறங்கியது. கணினி உறங்குமுன் செய்ய வேண்டியதற்கு உத்தரவு இருந்தது. பொறுப்பாளர் உறங்குமுன் செய்ய வேண்டியதற்கு இல்லை. அவர் உறங்கினார்.

எழுப்பியது செல்போன். ஸ்பீக்கரில் மேலதிகாரி அனுராதா மேடம். வெளியே மழை கொட்டியது.

"பஞ்சநதம்! ஒரு மணி நேரத்துல அறுபது டோக்கனா? எப்படிய்யா?"

"எல்லாம் சுற்றறிக்கைப்படிதான் மேடம்" என்றார், கொட்டாவியை விழுங்கி.

"பிரமாதம். உங்க ஊர்ல வேலை முடிஞ்சாச்சு. நாளையிலேருந்து நிலையத்தை மூடிடுங்க. திருத்துறைப்பூண்டிப் பக்கம் முந்நூறு பேர் நிக்கறாங்க. போய் மத்தியானத்துக்குள்ள முடிங்க."

கொட்டகைக்குள் நெல்லோடு நின்ற கூட்டத்தில் எழுந்த சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஐயோ சார்," குந்தவை அலறினாள், "மூடிட்டா எப்படி? எனக்கு இன்னும் ரெண்டு மா வயல் அறுக்கவே இல்லையே!"

பஞ்சநதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். ஒரு விரலோடு நின்றார்.

"நான் போட்டது ஒண்ணுதானே... அந்த அறுபதை யாரும்மா போட்டது?"