எரிந்துவிட்ட அடுப்பின் மீதான விசாரணை

எடப்புளி நாட்டு மலைக்கிராமத்துச் சின்னாயிக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசையிலேயே: முதலாவது, விறகடுப்பு நாகரிகமல்ல என்று, திருகினால் தானே பற்றும் கண்ணாடி கேஸ் அடுப்பை ஏஜென்சிக்காரர்கள் அவள் தலையில் கட்டினார்கள். இரண்டாவது, மூன்றாம் மாதமே, திருகினால் வரும் தீப்பொறி நின்றது. மூன்றாவது, புகார் கொடுத்தபோது, வராத பொறியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான்காவது, போட்டோவில் பொறி தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஐந்தாவதற்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பர்னர் ஓரத்துப் பொறிக்கம்பியின் முனையில், பொங்கிய சாமைக்கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, துணியால் ஒரு துடைப்பு, அடியில் புது பேட்டரி. திருகினாள். பற்றிக்கொண்டது.

நாணயமானவள் ஆகையால், புகார் இனி வேண்டாமென்று போனில் சொன்னாள். தப்பு அங்கேதான். பழுதென்றபோது மலையேறாத நிர்வாகம், பழுது நீங்கியதென்றதும் மறுநாளே ஏறியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தியெடுத்த முகத்தோடு வந்து நின்றார் கேஸ் ஏஜென்சி மேற்பார்வையாளர் விமல்ராஜ்.

"பழுது எங்கம்மா?"

"சரி பண்ணிட்டனுங்க."

"யாரைக் கேட்டு?"

"எங்கூட்டுல கஞ்சி வைக்க யாரைக் கேக்கோணுங்க?"

"புகார் நிலுவையில இருக்கறப்ப அடுப்பு எரியக் கூடாது. எரிஞ்சா புகார் பொய். பொய்ப் புகாருக்கு இணைப்பு ரத்து."

சிலிண்டர் போனால் மழைக்காலம் முழுக்க ஈர விறகோடு மாரடிக்க வேண்டும். சின்னாயி இறங்கி வந்தாள். "அதுக்கு என்னங்க பண்றது?"

"பழுதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரணும்."

"நல்லா இருக்கறத எப்படிக் கெடுக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அதுக்குத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க." விமல்ராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கினார். திருகினார். பற்றவில்லை. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. "இப்ப உங்க புகார் உண்மை."

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தனபாலையும் அருணாவையும் அழைத்தார். கம்பி பிடுங்கப்பட்டதை வாசலில் நின்று கண்ணாரக் கண்டவர்கள். இருவரும் பதிந்த சிலிண்டர் இருபது நாள் ஆகியும் வராததைப் பற்றி அவர் பரிவோடு விசாரித்தார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மை காய்ந்தபின் அவர் எழுதலானார்.

"என்ன எழுதியிருக்குதுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க," என்றாள் சின்னாயி.

தனபால் கூரையைப் பார்த்தான். அருணா முந்தானையைத் திருகினாள்.

விமல்ராஜ் தொண்டையைச் செருமினார். "மேற்படி சாட்சிகள் நேரில் கண்டபடி, கம்பியைப் பிடுங்கி அடுப்பைக் கெடுத்தவர் பெயர்: சின்னாயி."