ஊதா நத்தைகளின் புது இசைத்தட்டில் என் குரல் ஏறிய விவகாரம்

ஒசாக்கா,
ஜூலை 18

அன்புள்ள தம்பி ஹிசநோரிக்கு,

மழைக்காலம் ஒருவழியாக ஓய்ந்து, சில்வண்டுகள் விடிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்ட இந்த நாட்களில் நீயும் மிட்சுயோவும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய நீகாத்தா அரிசி வந்து சேர்ந்தது. நன்றி எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

சென்ற வாரம் பேப்பரில் கலைப் பக்கத்தை நீ பார்த்திருப்பாய். பார்க்கவில்லையென்றால் பார்க்காதே. "ஊதா நத்தைகள் குழுவின் புதிய இசைத்தட்டு, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, நாங்கள் நடத்தும் பொதுக் குளியல்கூடத்துப் புகைப்படத்தையும் போட்டு, அதற்குக் கீழே "பெயர் தெரியாத ஒரு பெண்ணின் குரலில் ஒரு நூற்றாண்டின் கோபம் கொதிக்கிறது" என்று எவனோ எழுதியிருக்கிறான். பெயர் தெரியாதாம்! இந்தத் தெருவில் நாற்பத்தாறு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், என் பெயர் தெரியாதாம். நூற்றாண்டின் கோபமெல்லாம் எனக்கெதற்கு? அது குழாய் திறந்திருந்ததற்கான கோபம். வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் உன் பெயரும் அடிபட்டிருக்கிறது.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது, அந்த நத்தைகளில் கிடார் வாசிக்கும் உன் அத்தான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "ஃபுமியே, நாங்க ஒரு தட்டுப் போடப்போறோம்" என்றார். எழுபத்திரண்டு வயது. முழங்கால் மடங்காது. "என்ன தட்டு? சாப்பாட்டுத் தட்டா?" என்றேன். விளையாட்டில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர்கள் குழுவில் பாடுகிற குசுஹாராவுக்கு அந்த வசந்தத்தில்தான் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு துணி, கையில் ஒரு சிறு எழுதுபலகை, அவ்வளவுதான் மனிதர். அவர் வீட்டில் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்கள் கூடிப் பேசி இந்தத் தட்டுக்கு ஏற்பாடு செய்தார்களாம். பாட்டுக்காரனுக்குக் குரல் போனபிறகு தட்டுப் போடுகிற குழு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வார்த்தையே இல்லாமல் வாசிப்பார்களாம். ஒரே சுரத்தை இருபது நிமிஷம் இழுத்தால் அதற்கு சைக்கடெலிக் என்று பெயர். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வருஷக்கணக்கில் அதைத்தான் செய்கிறது, அதை யாரும் பேட்டி எடுத்ததில்லை.

சரி, எங்காவது போய் வாசித்துத் தொலையட்டும் என்றுதான் இருந்தேன். டிரம்ஸ் அடிக்கிற தொபாஷி வந்தார். நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். "அண்ணி, ஒலிப்பதிவுக் கூடத்துல எல்லாம் சத்தம் செத்துப்போகுது. உங்க ஆம்பளைங்க குளியலறையில பாருங்க, ஒரு தும்மல் போட்டா நாலு தும்மலாத் திரும்பி வருது" என்றார். அங்கே ஏன் தும்மினார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். புதன்கிழமை எங்கள் குளியல்கூடத்துக்கு விடுமுறை. எனக்கல்ல, நான் தரை, சுவர் ஓடுகளைத் தேய்க்கும் நாள் அது. அந்த நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய தொட்டியைக் காலி செய்து அதற்குள் டிரம்ஸை இறக்கினார்கள். குளிக்க உட்காரும் முக்காலிகளின்மேல் ஆம்ப்ளிஃபயர்கள். பேஸ் வாசித்தவர் காலமாகி ஒன்பது வருஷமாகிறது. அவர் இடத்தில் யாரையும் சேர்க்கமாட்டார்களாம், ஒரு முக்காலியை மட்டும் காலியாகப் போட்டு வைத்தார்கள். அதைத் தள்ளிவைத்துத் தேய்க்கப் போனால் மூவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒரு புதன் என்றது பதினோரு புதன் ஆனது. ஒரு வாரம் தொண்ணூற்றொரு வயது ஓமினே தாத்தா விடுமுறை என்பதை மறந்து துண்டோடு வந்துவிட்டார். உடையைக் கழற்றி வைத்து, கதவைத் திறந்து உள்ளே போய், பிறந்தமேனியாக ஒரு முழு உருப்படியையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். முடிந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பிகளா, சுடுதண்ணி எப்ப வரும்?" என்றாராம். அதையும் பதிவு செய்து தட்டில் இரண்டாவது உருப்படியின் முடிவில் வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மனிதருக்கு மானம் என்று ஒன்று வேண்டாமா?

குசுஹாராவை எனக்கு என்றைக்குமே பிடிக்காது, உனக்குத் தெரியும். என் கல்யாணப் பட்டு இடைக்கச்சையைக் கேட்காமல் எடுத்து மேடையில் கட்டிக்கொண்டு ஆடியவர். கல்லாவில் என் இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பார். கெட்டியாக எதையும் விழுங்க முடியாது என்பதால் ஒவ்வொரு புதனும் அவருக்குத் தனியாகக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது. அதில் மீன் முள் இருந்துவிடக் கூடாதே என்று இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் யார் செய்தது? பேப்பரில் அதைப்பற்றி ஒரு வரி உண்டா?

இனி அந்தக் கடைசிப் புதன். நீளமான உருப்படி, குசுஹாராவும் கல்லாவை விட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். பதிவுக் கருவியை ஓடவிட்டால் பூகம்பமே வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். தொபாஷிக்குத் வெண்கலத் தாளத் தட்டை நிற்கவைக்க இடம் போதவில்லை. அதன் காலைத் தொட்டிக் குழாயின் கைப்பிடியோடு கயிற்றால் கட்டியிருக்கிறார். அடிக்க அடிக்கக் கைப்பிடி இம்மி இம்மியாகத் திரும்பியிருக்கிறது. நான் பின்னால் பாய்லர் அறையில் இருந்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாற்பது வருஷம் அடுத்தவர் வாயில் தண்ணீர் பீய்ச்சிய மனிதருக்குத் தன் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது தெரியவில்லை! சுற்றிலும் மின்சாரக் கம்பிகள். ஓடினேன். முதலில் குழாயை மூடினேன். மூடிய பிறகுதான் வாய் திறந்தது.

"யோவ்! சாகணும்னா உங்க உங்க வீட்டுத் தொட்டியில போய் சாவுங்கய்யா! எனக்கெதுக்கு மூணு பொணம்?" என்றுதான் ஆரம்பித்தேன். சத்தியமாக அத்தோடு நிறுத்தியிருப்பேன். உன் அத்தான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தக் கிடார் "ஙீ" என்று பதில் சொன்னது. நான் பேசும்போது அடங்கியது, நிறுத்தினால் மறுபடி "ஙீ". எதிர்த்துப் பேசுகிறாரா? எனக்குப் பற்றிக்கொண்டது. அதாமி ஸ்டேஷனில் தேனிலவன்று கிடார் கம்பி வாங்கப் போய் மூன்று மணி நேரம் என்னைப் பெட்டி படுக்கையோடு நிறுத்திவைத்தது, என் இடைக்கச்சை, அம்மா சாவுக்கு ஊதா கால்சட்டையில் வந்தது, எல்லாவற்றையும் கேட்டேன். தம்பி, அந்த வேகத்தில்தான் உன் பேச்சும் வந்துவிட்டது. "என் தம்பி அன்னைக்கே சொன்னான், இந்த ஆளைக் கட்டாதேன்னு! அவன் தலையில இருக்குறது டோப்பாதான், ஆனா உள்ள மூளை இருக்கு!" பதினான்காவது நிமிஷத்தில் வருகிறது. ஓடுகளில் பட்டு நான்கு முறை திரும்பி வருகிறது. டோப்பா விஷயம் உன் கோ பலகை ஆட்டக் கழகத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தாய். உன்னிடம் தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்கிறேன்.

கடைசியில் போய் மின்சாரத்தை அணைத்தேன். பதிவுக் கருவி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது. அந்த அமைதியில், "போதும். வந்து சாப்பிடுங்க எல்லாரும்" என்றேன். அதுவும் தட்டில் இருக்கிறது. உருப்படிக்கு "குழாயை மூடு" என்று பெயர்.

தட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் உன் அத்தானிடம், "அந்தத் திட்டை எடுத்துருங்க. இல்லேன்னா நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றேன். அவர் எழுந்து நின்று தலை குனிந்தார். "எடுத்துடுறேன். ஆனா குசுஹாரா கிட்ட நீ சொல்லு. எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

நான் பயப்படுகிற ஆளா? மறுநாளே போனேன். அவர் மறுபடி மருத்துவமனையில் இருந்தார். காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தார், உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் திட்டு. ஒரு சொல் பிசகாமல், மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பாமல், சத்தமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தவர் வெட்கப்பட்டுப் பலகையை எடுத்தார். "அண்ணி, அம்பது வருஷம் கத்தினேன், இவ்வளவு நல்லா ஒருநாளும் கத்தினதில்ல" என்று எழுதினார். அழித்துவிட்டு, "இது என் பாட்டா இருக்கட்டுமா?" என்று எழுதினார்.

"கஞ்சி கொண்டாந்திருக்கேன், ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது காய்கறிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும், "மூணு பொணம்!" என்கிறாள். பெண்கள் பக்கம் குளிக்க வருகிறவர்கள், "ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்" என்கிறார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா? நீ வங்கியில் மேலாளராக இருந்தவன், கடுமையாக எழுதத் தெரிந்தவன். உன் அத்தானுக்கு முத்திரை குத்தி ஒரு கடிதம் எழுது. நான் அவரோடு பேசுவதில்லை என்றும், பேசப்போவதில்லை என்றும் அதில் சேர்த்துவிடு. தட்டை யாரும் வாங்க வேண்டாம் என்று உறவினர்கள் எல்லோருக்கும் சொல்.

வெயில் கடுமையாக இருக்கிறது, பார்லித் தேநீர் நிறையக் குடி. மிட்சுயோவின் முதுகுவலி சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வீட்டில் என்றும் அமைதி நிலவட்டும், குழாய்கள் ஒழுகாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
ஃபுமியே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பே ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மேடைக் கச்சேரி, அதில் நான் நேரிலேயே திட்ட வேண்டுமாம். குசுஹாராவும் வருகிறார், எனக்குப் பக்கத்தில் நாற்காலி. இன்று மைக் முன்னால் நின்றேன், உன் அத்தான் "ஙீ" என்றார், எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை. எல்லாவற்றையும் உனக்கு எழுதித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது. மனசு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில், "ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், மூவரும் பயந்துபோனார்கள். ஆகவே இதைப் படித்ததும் உடனே விரைவுத் தபாலில் திருப்பி அனுப்பு. என்னிடம் பிரதி இல்லை.